சிஎன்வி-கிட் ஓட்டுவது சுலபம், ரெஃபரன்ஸ்தான் வேலை

சிங்கப்பூர் பயோபாலிஸில் எங்கள் லேபுக்கு இன்டர்ன்ஷிப் வரும் பாலிடெக்னிக் பிள்ளைகள் கையில் நான் முதலில் கொடுப்பது சிஎன்வி-கிட். சிஎன்வி என்றால் பிரதி எண்ணிக்கை மாறுபாடு. ஜீனோமின் ஒரு பகுதி வழக்கமாக இரண்டு பிரதிகள் இருக்கும். அது ஒன்றாகக் குறைந்திருக்கிறதா, மூன்று நான்காகக் கூடியிருக்கிறதா என்று எக்ஸோம் (ஜீன்களின் புரோட்டீன் குறிக்கும் பகுதிகள்), பேனல் (தேர்ந்தெடுத்த சில ஜீன்கள்) டேட்டாவிலிருந்து கணிக்கும் மென்பொருள் இது. இலவசம், பைத்தானில் எழுதியது. பயோகோண்டா என்ற மென்பொருள் களஞ்சியத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஜீனோமை ஒரே பிரதி எண்ணிக்கையுள்ள துண்டுகளாகப் பிரிக்க ஆர் மொழியின் டிஎன்ஏகாப்பி பேக்கேஜும் வேண்டும்.

கணக்கு ஒன்றும் மாயமில்லை. ஜீனோமைச் சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எத்தனை ரீட் (மெஷின் படித்த டிஎன்ஏ துணுக்கு) விழுந்தது என்று எண்ணி, நார்மல் மாதிரியின் எண்ணிக்கையால் வகுத்து லாக்2 எடுக்கிறது. 0 என்றால் இரண்டு பிரதி. ஒன்று போயிருந்தால் -1, ஒன்று கூடியிருந்தால் 0.58. பேனலுக்கு வெளியே தப்பித் தவறி விழும் ரீட்களையும் இது வீணாக்காமல் பெரிய கட்டங்களில் எண்ணிக்கொள்ளும். எனக்கு இதைப் பிடிக்கக் காரணமே அதுதான்.

மூன்று கோப்புகள் தயாராக இருக்கட்டும்: ரீட்களை ஜீனோமில் பொருத்திய (அலைன் செய்த) பாம், அலைன் செய்ய வைத்திருந்த அதே ஜீனோம் வரிசையான ஃபாஸ்டா, டிஎன்ஏ பிடிக்கும் கிட்டின் தயாரிப்பாளர் தரும் இடப்பட்டியலான பெட். பெட் கோப்பில் எக்ஸான் பட்டியலை விட்டுவிட்டு பெய்ட் (கிட் டிஎன்ஏவைப் பிடிக்கும் தூண்டில்) பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பிறகு பாம் ஹெடரைத் திறந்து பாருங்கள். அங்கே குரோமோசோம் ‘சிஎச்ஆர்1’ என்றும் பெட்டில் வெறும் ‘1’ என்றும் இருந்தால் இரண்டும் ஒட்டாது.

இனி ரெஃபரன்ஸ், அதாவது ஒப்பிட வைக்கும் நார்மல் மாதிரிகளின் அளவு. நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். நார்மல் மாதிரிகள் அதே கிட், அதே லைப்ரரி முறை, முடிந்தால் அதே மெஷினில் ஓடியவையாக இருக்க வேண்டும். ஒரே நார்மலை நம்பாதீர்கள். அந்த மாதிரி கொடுத்தவரிடம் இயல்பாகவே ஒரு டெலீஷன் (டிஎன்ஏ இழப்பு) இருந்தால், உங்கள் நோயாளிகள் எல்லோருக்கும் அங்கே பிரதி கூடியதாகக் காட்டும். பலரைச் சேர்த்துப் பூல் செய்யுங்கள். நார்மலே இல்லாவிட்டால், எல்லா இடமும் சமம் என்று கொள்ளும் ஃபிளாட் ரெஃபரன்ஸ் வைத்தும் ஓட்டலாம், ஆனால் கோடு அலையலையாக வரும். 1000 ஜீனோம்ஸ் என்ற சர்வதேசத் திட்டத்தில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்களின் டேட்டா திறந்தே கிடக்கிறது. பழகிப் பார்க்க அருமையானது. நம்ம ஆட்கள்தானே என்று அதை உங்கள் பேனலுக்கு நார்மலாக வைத்துவிடாதீர்கள். இங்கே இனம் ஒத்துப்போவதைவிட கிட் ஒத்துப்போவது முக்கியம்.

ஓட்டுவதற்கு ‘பேட்ச்’ என்ற ஒரே கட்டளை போதும். முழு ஜீனோம் என்றால் மெத்தடை ‘டபிள்யூஜிஎஸ்’ என்றும், பிசிஆரால் பெருக்கிய துண்டுகள் என்றால் ‘ஆம்ப்ளிகான்’ என்றும் மாற்றுங்கள். நோயாளி டேட்டாவை லேப்டாப்பில் இறக்காதீர்கள், கிளஸ்டரிலேயே ஓடட்டும்.

முடிவு வந்ததும் அட்டவணைக்குத் தாவாமல் லாக்2 புள்ளிகளை வரைந்து காட்டும் ‘ஸ்கேட்டர்’ படத்தைப் பாருங்கள். “அக்கா, எக்ஸ் குரோமோசோம் முழுசா டெலீட் ஆகியிருக்கு!” என்று ஒவ்வொரு இன்டர்ன் குழுவிலும் ஒருவர் ஓடிவருவார். மாதிரி ஆணுடையதா என்று பார்த்துவிட்டு வா என்பேன். சிஎன்வி-கிட் வழக்கமாக இரண்டு எக்ஸை அடிப்படையாக வைத்துக்கொள்வதால், ஆணின் எக்ஸ் -1இல்தான் கிடக்கும். பெண் என்று எழுதிய மாதிரியில் அப்படி வந்தால்தான் விஷயம். முதலில் டியூப் மாறியதா என்று விசாரியுங்கள்.

புற்றுநோய் மாதிரியில் இன்னொரு சிக்கல். கட்டியில் 30 சதவீதம்தான் புற்றணு, மீதி சாதாரண அணு என்று வையுங்கள். எல்லாப் புற்றணுவிலும் ஒரு பிரதி போயிருந்தாலும் சராசரி 1.7 பிரதி. லாக்2 கணக்கில் -0.23. பிரதி எண்ணிக்கையை முடிவு செய்யும் ‘கால்’ கட்டளையில் இழப்புக்கு இயல்பான எல்லை -0.25. ஆக, உண்மையான இழப்பு ‘இரண்டு பிரதி, நார்மல்’ என்று பட்டியலில் உட்கார்ந்துவிடும். பேத்தாலஜிஸ்டிடம் சதவீதம் கேட்டு வாங்கி, ‘பியூரிட்டி’யில் 0.3 கொடுத்து, மெத்தடை ‘குளோனல்’ ஆக்கினால் அதே இடம் ஒரு பிரதியாக மாறும்.

ஒரே ஒரு கட்டம் மட்டும் இறங்கியிருந்தால் நான் அதை ரிப்போர்ட்டுக்கு அனுப்ப மாட்டேன். அக்கம்பக்கக் கட்டங்களும் சேர்ந்து இறங்க வேண்டும்.

சிங்கப்பூரில் கட்டாயம் வரும் கேள்வி ஆல்ஃபா தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை. சீனர்களிடமும் தென்கிழக்காசியர்களிடமும் அதிகம் காணும் ‘சீ’ டெலீஷன் ஏறக்குறைய 20 ஆயிரம் பேஸ் நீளம், இரண்டு ஆல்ஃபா ஜீனையும் ஒருசேரத் தூக்கிவிடும். பேனல் அந்த இடத்தை நன்றாக மூடியிருந்தால் படத்தில் பள்ளம் தெரிய வாய்ப்புண்டு. இந்தியர்களிடம் அதிகம் காணும் 3.7 ஆயிரம் பேஸ் டெலீஷன் வேறு கதை. ஆல்ஃபா ஜீன்களான ஹெச்பிஏ1, ஹெச்பிஏ2 இரண்டும் ஏறக்குறைய ஒரே எழுத்து வரிசை என்பதால், ரீட் எந்த ஜீனுடையது என்று அலைனருக்கே தெரியாது. அங்கே சிஎன்வி-கிட் ‘நார்மல்’ என்று சொன்னால் அதை வைத்து யாருக்கும் பதில் சொல்லாதீர்கள். டெலீஷனை நேரடியாகத் தேடும் சோதனைகளான கேப்-பிசிஆர் அல்லது எம்எல்பிஏவுக்கு அனுப்புங்கள்.