அலுமினிய பாடி கட்டக் கொடுக்கும் முன்

லாரிக்கு இரும்புக்குப் பதில் அலுமினிய பாடி கட்ட நினைப்பவர், அதில் ஏறப்போகும் சரக்கு என்ன என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பாடியில் குறையும் எடை கூடுதல் சரக்காக மாறினால்தான் கொடுத்த பணம் திரும்பும். பஞ்சு, தெர்மாகோல் போல எடை ஏறும் முன்பே இடத்தை அடைத்துவிடும் சரக்கில் அந்த ஆதாயம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. கருங்கல்லும் ஜல்லியும் ஏற்றினால் மென்மையான அலுமினியத் தரை குழியும், சில வேளை கிழியும். ஈரச் சிமெண்ட், சுண்ணாம்பு ஆகியவற்றின் காரமும் அதை அரிக்கும்.

அலுமினியத்தின் அடர்த்தி எஃகில் மூன்றில் ஒரு பங்குதான் என்பது உண்மை. அதன் விறைப்பும் ஏறத்தாழ அதே மூன்றில் ஒரு பங்குதான் என்பதை விற்பவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. வளையாமல் நிற்கச் சட்டங்களை உயரமாகவும் தடிமனாகவும் செய்ய வேண்டியிருப்பதால், மிச்சமாகும் எடை கணக்கில் தெரிவதைவிடக் குறைவு. முழு பாடியின் எடையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மிகவும் கவனிக்க வேண்டியது, எஃகு சேசிஸோடு பாடி சேரும் இடம். இரு உலோகங்களும் நேரடியாகத் தொட்டு, நடுவில் மழைநீரோ கடலோர உப்பு ஈரமோ தங்கினால், மின்வேதி அரிப்பில் கரைந்துபோவது அலுமினியமே. இடையில் நீர் உறிஞ்சாத ரப்பர் அல்லது நைலான் பட்டை, போல்ட்டுகளுக்குக் காப்பு வாஷரும் குழலும், எஃகின் மேல் விடுபடாத பெயிண்ட் பூச்சு ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்பதைப் பாடி ஏற்றும் நாளில் நேரில் நின்று பாருங்கள். ஏற்றிய பிறகு எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

வெல்டிங் சூட்டில் 6061-டி6 போன்ற அலுமினியக் கலவைகள், இணைப்பின் ஓரங்களில் வலிமையைப் பாதியளவு வரை இழக்கக்கூடும். எஃகுக்கு இருப்பது போன்ற தெளிவான சோர்வு எல்லையும், அதாவது எத்தனை முறை திரும்பத் திரும்ப ஏறினாலும் விரிசல் விடாத சுமை அளவும், அலுமினியத்துக்கு இல்லை. ஆகவே ஒவ்வொரு சர்வீஸிலும் வெல்டிங் முனைகளில் மயிரிழை விரிசல் தேடுவது அவசியம்.

பழுது பார்ப்பதும் எளிதல்ல. 2015-இல் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் அலுமினிய பாடிக்கு மாறியபோது, அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனத்தின் மோதல் சோதனைகளில் அதன் பழுதுச் செலவு முந்தைய எஃகு வண்டியைவிட 26 சதவீதம் கூடுதலாக இருந்தது. நெடுஞ்சாலையோரப் பட்டறையின் சாதாரண ஆர்க் வெல்டிங் இதற்கு உதவாது. ஆர்கான் வாயுவின் காப்பில் செய்யும் டிக் (TIG) அல்லது மிக் (MIG) வெல்டிங்கும், எஃகுத் தூள் படியாத தனிக் கருவிகளும் வேண்டும். உங்கள் வழித்தடத்தில் அப்படிப்பட்ட பட்டறை இல்லையென்றால், தரையை எஃகிலும் பக்கச் சுவர்களை அலுமினியத்திலும் கட்டித் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அந்த இணைப்புகளுக்கும் மேலே சொன்ன காப்புப் பட்டை வேண்டும்.