இளைஞர்கள் திறந்தவுடன் மூடாத இணையப் பக்கம்: முதல் திரையைச் சரிசெய்வது எப்படி?

எங்கள் ஊர் மாலைநேரக் கணினி வகுப்புக்கு ஒரு பக்கம் போட்டுக் கொடுத்தேன். சேர வேண்டியவர்கள் 18 முதல் 25 வயதுக்காரர்கள். வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பினால் திறக்கிறார்கள், உடனே மூடுகிறார்கள். கட்டணமும் நேரமும் தெளிவாகத்தான் எழுதியிருந்தேன். ஆனாலும் யாரும் சேரவே இல்லை.

2006இல் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் கிட்டே லிண்ட்கார்டின் குழு, இணையப் பக்கங்களை வெறும் 50 மில்லி விநாடி காட்டி, பார்வைக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டது. அதற்குள்ளேயே மனம் முடிவு கட்டிவிடுகிறது. ஆகவே நம் உழைப்பெல்லாம் கைபேசியின் முதல் திரைக்கே. இணையப் பக்கம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளை நிறுவத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: கழியுங்கள். ஸ்லைடர் (தானே மாறும் படங்கள்), ஓடும் எழுத்து, பாப்-அப் (திடீரென முளைக்கும் பெட்டி) மூன்றையும் எடுத்துவிடுங்கள். சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழகமும் கூகுளும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், நெரிசல் இல்லாத, அந்த வகைத் தளங்களுக்கே உரிய பழகிய சாயல் கொண்ட பக்கங்கள்தான் பிடித்திருந்தன. லோகோ இடப்பக்கம், மெனு மேலே. இதில் புதுமை வேண்டாம்.

படி 2: நிறம். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 ஒளி வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) தேவை. வெளிர்சாம்பல் எழுத்து வேண்டவே வேண்டாம்.

படி 3: எழுத்துரு. என் தேர்வு முக்த மலர். அடுத்தது நோட்டோ சான்ஸ் தமிழ். ஆங்கிலத்துக்காகச் செய்த தீம்களின் (ஆயத்த வடிவமைப்புகளின்) வரி உயரம் நமக்குப் போதாது. மேல் வரி ‘ழு’வின் வாலும் கீழ் வரி ‘கீ’யின் சுழியும் முட்டும். எழுத்தின் அளவைப்போல் 1.7 மடங்கு வையுங்கள்.

படி 4: பக்கம் ஆடாமல் இருப்பது. நான் இரண்டு மாலை மாட்டிக்கொண்டது இங்கேதான். வீட்டு வைஃபையில் பக்கம் அழகாக வந்தது. மாணவர் ஒருவரின் விலை குறைந்த கைபேசியில், மொபைல் டேட்டாவில் பார்த்தபோதுதான் புரிந்தது. முதலில் கைபேசியின் சொந்த எழுத்துருவில் தலைப்பு 2 வரியாக வருகிறது. பிறகு முக்த மலர் இறங்கியதும் அதுவே 3 வரி. கீழே இருப்பதெல்லாம் நகர்கிறது. அடுத்து அளவு குறிப்பிடாத படம் வந்து மறுபடி தள்ளுகிறது. ‘சேர’ பொத்தானுக்குப் போன கட்டைவிரல் படத்தைத் தொடுகிறது. கேஷ் (உலாவி சேமித்துவைக்கும் பழைய நகல்) கோளாறு என்று நினைத்து அதையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

தீர்வு இது. ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் இரண்டையும் எழுதுங்கள். எழுத்துருவை வோஃப்2 என்ற சுருக்கிய கோப்பு வடிவில், 2 தடிமன் மட்டும், உங்கள் சர்வரிலேயே வைத்து பிரீலோட் செய்யுங்கள், அதாவது முன்கூட்டியே இறங்கச் சொல்லுங்கள். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில், ஃபான்ட்-டிஸ்பிளே பண்புக்குப் பலரும் சொல்லும் ‘ஸ்வாப்’ (இறங்கியதும் எழுத்துருவை மாற்று) வேண்டாம், ‘ஆப்ஷனல்’ கொடுங்கள். எழுத்துரு உடனே வந்து சேராவிட்டால் அந்தமுறை கைபேசி எழுத்துருவே நிற்கும், நடுவில் மாறாது. அழகு கொஞ்சம் குறைந்தாலும் பக்கம் அசையாமல் இருப்பதே எனக்கு முக்கியம்.

கூகுளின் சோதனைத் தளமான பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். சிஎல்எஸ் (பக்கம் எவ்வளவு ஆடுகிறது என்ற அளவு) 0.1க்குள்ளும், எல்சிபி (திரையின் பெரிய பகுதி தெரிய ஆகும் நேரம்) 2.5 விநாடிக்குள்ளும் இருந்தால் நல்லது. அந்த மதிப்பெண்ணோடு நிறுத்தாமல், பழைய கைபேசி ஒன்றை இரவல் வாங்கியும் சோதியுங்கள்.

படி 5: முகவரி, தொலைபேசி எண், வகுப்பறையின் உண்மையான புகைப்படம் மூன்றையும் போடுங்கள். விலைக்கு வாங்கிய, சிரிக்கும் முகங்களின் படங்கள் வேண்டாம்.

பிற்சேர்க்கை 1: டார்க் மோடில் (கறுப்புப் பின்னணியில்) லோகோவே தெரியவில்லை என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். பின்னணி இல்லாத பிஎன்ஜி படத்தில் கறுப்பு எழுத்து, அதனால்தான். லோகோவைச் சுற்றி வெள்ளைப் பட்டை கொடுத்தால் போதும்.

பிற்சேர்க்கை 2: முதல் திரையின் உயரத்துக்கு சிஎஸ்எஸ்ஸில் 100 விஎச் (திரை உயரம் முழுவதும்) கொடுத்தவர்களுக்கு, கைபேசி உலாவியின் பட்டை பொத்தானை மறைக்கிறதாம். பட்டைக்கு ஏற்ப மாறும் 100 டிவிஎச் என்று மாற்றுங்கள். பழைய உலாவிகளுக்காக விஎச் வரியை அதற்கு மேலேயே விட்டுவையுங்கள்.