கீழ் டிவிஷன் ஸ்ட்ரைக்கரின் கணக்கைப் படிப்பது எப்படி

இங்கிலாந்துக் கால்பந்தில் லீக் ஒன், லீக் டூ என்பவை மூன்றாவது, நான்காவது டிவிஷன்கள். அங்கே ஆடும் ஒரு ஃபார்வர்டின், அதாவது கோல் போட முன்னால் நிற்கும் ஸ்ட்ரைக்கரின், பெயரைத் தேடினால் வருஷம், கிளப், ஆட்டம், கோல் என்று நாலு பத்திதான் கிடைக்கும். ஒரு மனிதரின் பதினைந்து வருஷ உழைப்பு அதற்குள் இருக்கிறது. ஒன்பது சீசனாக லீக் டூ ஆட்டங்களைக் கோல் வலைக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன். அந்த அட்டவணையை நான் படிக்கும் முறை இது.

கோல் பத்திக்கு முதலில் போகாதீர்கள். ஆட்ட எண்ணிக்கையைப் பாருங்கள். சில இடங்களில் 12 (19) என்று போட்டிருப்பார்கள். பன்னிரண்டு முறை தொடக்கத்திலிருந்தே ஆடினார், பத்தொன்பது முறை நடுவில் மாற்று ஆட்டக்காரராக (சப்) இறங்கினார் என்று அர்த்தம். அந்தப் பத்தொன்பதில் பலவும் கடைசிக் கால் மணி நேரம்தான். 31 ஆட்டத்தில் 4 கோல் என்றால் மோசமாகத் தெரியும். நிமிஷத்தைக் கூட்டினால் அது சுமார் பதினைந்து முழு ஆட்டம்தான் வரும். பெனால்டியில் வந்த கோல் எத்தனை என்பதையும் தனியே பார்த்துவிடுங்கள்.

அப்புறம் தேதிகள். கான்ட்ராக்ட் பெரும்பாலும் ஜூன் 30-ல் முடியும். யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை அனுப்புகிறோம் என்று கிளப்புகள் மே மாதமே பட்டியல் போட்டுவிடும். ஒவ்வொரு ஆகஸ்டிலும் கிளப் மாறியிருந்தால், அவர் ஓராண்டு கான்ட்ராக்டை நம்பி வாடகை வீடு மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். லோன், அதாவது கொஞ்ச காலத்துக்கு வேறு கிளப்புக்குக் கடனாக அனுப்புவது, வேறு கதை. 18 வயதில் லோன் என்றால் பெரியவர்களோடு மோதிப் பழக அனுப்பியிருக்கிறார்கள். 28 வயதில் லோன் என்றால் பெரும்பாலும் மேனேஜர் அவரை ஓரம்கட்டிவிட்டார்.

இங்கிலாந்து ஸ்ட்ரைக்கர் ரிக்கி லாம்பர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 15 வயதில் லிவர்பூல் வெளியே அனுப்பியது. அடுத்து பிளாக்பூலும் விட்டுவிட, பீட்ரூட் பாட்டில்களுக்கு மூடி போடும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பிறகு ஸ்டாக்போர்ட் கிளப்பில் 98 லீக் ஆட்டம், 18 கோல். அந்த வரியோடு நிறுத்தியிருந்தால் 'சுமார்' என்று சொல்லியிருப்போம். அடுத்த வரி ராச்டேல்: 64 ஆட்டம், 28 கோல். 2005-ல் ஒரு டிவிஷன் கீழே இறங்கிப் போனார். அங்கே கொஞ்ச காலம் அவருக்குப் பக்கத்தில் ஆடியவர், நிறைய கோல் போட்ட இன்னொரு ஃபார்வர்டான கிராண்ட் ஹோல்ட். ஆகவே டிவிஷன் இறங்கியதைச் சறுக்கல் என்று படித்துவிடாதீர்கள். கூட யார் ஆடினார் என்று தேடுங்கள். லாம்பர்ட் பிரிஸ்டல் ரோவர்ஸ் வழியாக, 2009-ல் லீக் ஒன்னில் கிடந்த சவுத்தாம்ப்டனுக்கு வந்தார். 2013 ஆகஸ்டில், 31 வயதில், வெம்ப்லியில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்துக்கு முதன்முறை இறங்கி, முதல் தொடுதலிலேயே தலையால் முட்டிக் கோல் போட்டார்.

அட்டவணையில் ஏறாத வேலையைப் பார்க்க மைதானத்துக்குத்தான் போக வேண்டும். முதல் இருபது நிமிஷம் பந்தை விட்டுவிட்டு அவரையே பாருங்கள். கோல்கீப்பர் உதைத்த பந்து வானத்திலிருந்து இறங்கும்போது, முதுகில் இடிக்கும் எதிரணி சென்டர் ஹாஃபை (நடுத் தடுப்பாட்டக்காரரை) தாங்கிக்கொண்டு எங்கே தட்டிவிடுகிறார்? கூட ஆடுபவர் அதை எடுக்கிறாரா? நான் ரசித்த ஒருவர், மூக்கில் இரண்டு பக்கமும் பஞ்சு அடைத்துக்கொண்டு, கடைசி நிமிஷங்களில் நேரத்தைக் கடத்த கார்னர் கொடிப் பக்கம் பந்தைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு பேர் பின்னாலிருந்து உதைத்தும் பந்து வெளியே வரவில்லை. அந்த வெற்றிக்காக அவர் பெயருக்கு எதிரே ஒன்றும் ஏறவில்லை. மே மாதப் பட்டியலில் அவரை அனுப்பிவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் கோல் குறைவாக இருக்கும் ஃபார்வர்டின் வரியைப் பார்த்தால், அதே சீசனில் அவரோடு ஆடி நிறைய கோல் போட்டவர் யார் என்று பாருங்கள். இவர் போன பிறகு அவர் எத்தனை போட்டார் என்றும் பாருங்கள். எங்கள் அணியில், அந்தப் பஞ்சுக்காரர் போன பிறகு, அவரோடு ஆடி நிறைய கோல் போட்டவர் முந்தைய வருஷத்தில் பாதிகூடப் போடவில்லை.