வடித்துக் கொட்டும் சத்து: காய்கறி சமைப்பதில் நாம் செய்யும் தவறுகள்

அடுத்த முறை பீன்ஸ் பொரியல் செய்யும்போது கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பொடியாக நறுக்கிய பீன்ஸை நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து, வெந்ததும் வடிதட்டில் கொட்டுகிறோம். கீழே இறங்கும் தண்ணீர் வெளிர்ப் பச்சையாக இருக்கும். ஒரு ஸ்பூன் எடுத்துக் குடித்துப் பார்த்தால் லேசாக இனிக்கும், பீன்ஸ் வாசனை தூக்கலாக இருக்கும். சந்தையில் ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்து, பிஞ்சாகப் பொறுக்கி வாங்கி வந்த காயின் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகிறது. நானும் பல வருடம் இப்படித்தான் வடித்துக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

எந்தக் காயில் என்ன சத்து என்று கேட்டால் இன்றைக்கு எல்லோரும் கடகடவென்று சொல்கிறார்கள். கேரட் கண்ணுக்கு, வாழைத்தண்டு கல்லுக்கு, பாகற்காய் சர்க்கரைக்கு. ஆனால் அந்தச் சத்து தட்டு வரைக்கும் வந்து சேர்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. பெரும்பாலான தவறுகள் அந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

வைட்டமின் சி, ஃபோலேட் முதலான பி வைட்டமின்கள், பொட்டாசியம் எல்லாம் தண்ணீரில் கரைபவை. வைட்டமின் சிக்குச் சூடும் ஆகாது, காற்றும் ஆகாது. அதனால் நறுக்கிய பிறகு காயைக் கழுவுவது முதல் தவறு. முழுக்காயாக இருக்கும்போதே ஓடும் தண்ணீரில் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, அப்புறம் நறுக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவவே கூடாது. கத்தரிக்காயும் வாழைக்காயும் கறுத்துப் போகுமே என்று தண்ணீரில் நறுக்கிப் போடுகிறோம். சரி, போடலாம். ஆனால் நறுக்கிப் போட்டுவிட்டு அரை மணி நேரம் வேறு வேலை பார்க்கப் போய்விடாமல், வாணலி காய்கிற நேரத்தில் நறுக்கி உடனே அள்ளிப் போட்டால் இழப்பு குறைவு.

எவ்வளவு பொடியாக நறுக்குகிறோமோ அவ்வளவு இடங்களில் காய் வெட்டுப்படுகிறது. அத்தனை வெட்டுவாய் வழியாகவும் சத்து வெளியேறும். வேலைக்குப் போகிறவர்கள் முதல் நாள் இரவே காய் நறுக்கி வைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். காலை ஆறு மணிக்கு டிபன் பாக்ஸ் கட்டுகிற வீட்டில் வேறு வழி இல்லை. கொஞ்சம் பெரிய துண்டுகளாக நறுக்கி, ஈரமில்லாமல், இறுக்கமான டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். அதுவே பாதி பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

நம் சமையலில் இதற்கு அருமையான வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. சாம்பார், கூட்டு, அவியல், மோர்க்குழம்பு எதிலுமே காய் வெந்த தண்ணீரைக் கொட்டுவதில்லை. காயிலிருந்து இறங்கியது குழம்பிலேயே நின்றுவிடும். பொரியல்தான் நம்மை மாட்டிவிடுகிறது. கடுகு உளுத்தம்பருப்பு தாளித்து, காயைக் கொட்டி, உப்புப் போட்டுக் கிளறி, ஒரு கை தண்ணீர் தெளித்து, தட்டுப் போட்டு மூடி, தீயைக் குறைத்து வையுங்கள். அவரைக்காயும் பீன்ஸும் அந்த ஆவியிலேயே வெந்துவிடும். முட்டைகோஸ், புடலங்காய் என்றால் தெளிக்கக்கூட வேண்டாம்; உப்பு பட்டதுமே தானாகத் தண்ணீர் விட்டுக்கொள்ளும். குக்கரை வீணாகப் பழிக்கிறார்கள். குறைந்த தண்ணீரில் சீக்கிரம் வேகிறது என்பதால் அது நல்ல பாத்திரம்தான். பருப்போடு சேர்த்துப் பூசணிக்காயையும் கேரட்டையும் போட்டு நாலு விசில் விடுவதுதான் தவறு. பருப்பு வெந்த பிறகு காயைப் போடலாம்.

இன்னொரு பழக்கம், கீரை பச்சைப் பசேலென்று இருக்க வேண்டும் என்று ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுவது. நிறம் நிற்கும், உண்மைதான். ஆனால் சோடாவின் காரத்தன்மை வைட்டமின் சியையும் தயமின் என்கிற பி1 வைட்டமினையும் அழித்துவிடும். வேகும்போது கீரையிலிருந்தே வெளிவரும் அமிலத்தால்தான் நிறம் மங்குகிறது. மூடாமல் வேகவைத்தால் அதில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும். பாட்டிமார் கீரைச்சட்டியை மூடாதே என்று சொன்னது இதனால்தான் பலித்தது. ஐந்தாறு நிமிடத்தில் இறக்கி, வெந்த தண்ணீரோடு சேர்த்தே கடைந்துவிடுங்கள்.

பீட்ரூட்டும் ரத்தமும்

என் தங்கை பிள்ளை உண்டாகியிருந்தபோது ரத்தம் குறைவு என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு டம்ளர் பீட்ரூட் ஜூஸ். சிவப்பாக இருப்பது ரத்தத்தைக் கூட்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் அப்படி ஒரு நம்பிக்கை. மத்தியானம் முருங்கைக்கீரையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் ஒரு கப் டீ. மூன்று வேளையும் டீ. அடுத்த பரிசோதனையில் பெரிதாக ஒன்றும் ஏறவில்லை.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையைப் பார்த்தால் விஷயம் புரியும். 100 கிராம் பீட்ரூட்டில் இரும்புச்சத்து 1 மில்லிகிராம்கூட இல்லை. அதே அளவு முருங்கைக்கீரையில் 4 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பீட்ரூட்டின் சிவப்பு அதன் நிறமி மட்டுமே. ரத்தச் சிவப்புக்கும் அதற்கும் உறவில்லை. அதற்காகப் பீட்ரூட்டை ஒதுக்க வேண்டியதில்லை. அதில் ஃபோலேட் நிறைய உண்டு. அதிலுள்ள நைட்ரேட்டை உடல் நைட்ரிக் ஆக்சைடாக மாற்றிக்கொள்ளும், அது ரத்தக்குழாயைத் தளர்த்தும். இரும்புக்கு மட்டும் அதை நம்பக் கூடாது.

கீரையில் இருக்கும் இரும்பை உடல் அவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்ளாது. கூடவே வைட்டமின் சி இருந்தால் எடுத்துக்கொள்ளும்; டீ, காபியில் உள்ள டானின் போன்ற பொருள்கள் அதைத் தடுக்கும். ஆக, தங்கைக்கு மாற்ற வேண்டியிருந்தது இரண்டே விஷயம். கீரையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிவது (கொதிக்கும்போது பிழிந்தால் பலன் குறையும்), டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிப்பது. டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையைக் கடைசிவரை நிறுத்தவில்லை. நிறுத்தவும் கூடாது. இரும்பு குறைந்துபோன உடம்புக்குக் கீரை துணைதான், மருந்து ஆகாது.

எண்ணெயைக் கண்டு பயம்

டயட் என்றாலே பச்சைக் கேரட்டை அரைத்து வடிகட்டிக் குடிப்பதும், எண்ணெயே இல்லாமல் காய் வேகவைத்துச் சாப்பிடுவதும் வழக்கமாகிவிட்டது. கேரட், மஞ்சள் பூசணி, முருங்கைக்கீரை ஆகியவற்றில் இருக்கும், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. கொஞ்சமாவது எண்ணெயோ தேங்காயோ கூட இல்லையென்றால் உடல் அதைச் சரியாக உறிஞ்ச முடியாது. அதுமட்டுமில்லை, வெந்த கேரட்டிலிருந்து பச்சைக் கேரட்டைவிட அதிகமாகவே கரோட்டின் கிடைக்கும். வெந்ததும் செல்சுவர் இளகிவிடுவதுதான் காரணம். தக்காளியின் சிவப்பு நிறமியான லைக்கோபீனும் அப்படியே. எண்ணெயில் வதக்கிய தக்காளித் தொக்கை யாரும் சத்தில்லாதது என்று நினைக்க வேண்டாம். பொரியலில் கடைசியாகத் தூவும் ஒரு பிடி தேங்காய்த் துருவலையும் விட்டுவிடாதீர்கள்.

தோல், தண்டு, இலை

என் அத்தை பீர்க்கங்காய் வாங்கினால் அன்றைக்கு இரண்டு பதார்த்தம். சதை கூட்டுக்கு, தோல் துவையலுக்கு. தோலைக் கொஞ்சம் தாராளமாகச் சீவி, நல்லெண்ணெயில் சுருள வதக்குவார். அந்த முரட்டு நரம்பெல்லாம் அடங்கி, கரும்பச்சையாகச் சுருண்டு, ஒரு மாதிரி வறுபட்ட வாசனை வரும்வரை அடுப்பை விட்டு நகர மாட்டார். வறுத்த உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், துளி புளி, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்துச் சூடான சோற்றில் பிசைந்து கொடுப்பார். காயே பிடிக்காத பிள்ளைகளும் தட்டை வழித்துவிடும். அந்தத் தோலில் இருப்பது நார்ச்சத்து. செளசெளத் தோல், வாழைக்காய்த் தோல் இரண்டுக்கும் இதே பக்குவம் ஒத்துவரும். முள்ளங்கியோடு வரும் இலையையும் பீட்ரூட் இலையையும் கடைக்காரரிடமே கிள்ளிப் போட்டுவிட்டு வருகிறோம். இரண்டுமே நல்ல கீரை.

தோலையே தொடக் கூடாத ஒன்று, பச்சை பூத்த உருளைக்கிழங்கு. வெளிச்சத்தில் கிடந்தால் அதில் சோலனின் என்ற நச்சு சேரும். வேகவைத்தாலும் அது போகாது. பச்சை அதிகமாக இருந்தால் கிழங்கையே தூக்கிப் போடுங்கள். உருளையை இருட்டான, காற்றோட்டமான இடத்தில், வெங்காயத்தை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும்.

கசக்கும் சுரைக்காய்

இதை மட்டும் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். காலையில் வெறும் வயிற்றில் சுரைக்காய் ஜூஸ் குடிக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. சில சுரைக்காய்களில் குக்கர்பிட்டசின் என்ற கசப்பு நச்சு அதிகமாக இருக்கும். கசந்த ஜூஸைக் குடித்து ரத்த வாந்தி எடுத்தவர்களும் இறந்தவர்களும் நம் நாட்டில் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழு இதை ஆராய்ந்து, கசக்கும் சாற்றைக் குடிக்கவே வேண்டாம் என்று எச்சரித்தது. கசப்பு என்றாலே மருந்து என்று பல்லைக் கடித்துக்கொண்டு குடிக்கும் குணம் நமக்கு உண்டு. இங்கே அது உயிருக்கே ஆபத்து. நறுக்கியதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறிந்துவிடுங்கள், சமைக்கவும் வேண்டாம். குடித்த பிறகு வாந்தி, வயிற்றுவலி, பேதி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பாகற்காய் இயல்பிலேயே கசப்பது, அது வேறு. நல்ல காய், நிறையச் சாப்பிடலாம். அதை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவதுதான் விபரீதம்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் அளவு குறைந்தால் பலன் இல்லை. ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, அதில் 100 கிராம் கீரை என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி. இந்தக் கணக்கில் உருளைக்கிழங்கு வராது. எங்கள் வீட்டுக் கரண்டியில் ஒரு கரண்டி பொரியலை எடை போட்டேன், 60 கிராம் வந்தது. சோற்று மலைக்குப் பக்கத்தில் அந்த ஒரு கரண்டியைத்தான் காய் என்று வைக்கிறோம். நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு நாளைக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் வேண்டும்; நாம் வாங்குவது அரை கிலோ. இதற்குப் ப்ராக்கோலி தேட வேண்டாம். பூசணி, முள்ளங்கி, புடலை, இரண்டு கட்டுக் கீரை போதும். பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் காலையிலேயே போய் வாருங்கள், பறித்து நேரமாகாத காய் கிடைக்கும்.

நான் இதுவரை சொன்னதற்கு நேர்மாறாக நடக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ள சிலருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் கூடிவிடும். அப்படிப்பட்டவர்களுக்குக் காயைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டச் சொல்வார்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீரையின் வைட்டமின் கே மருந்தின் வேலையை மாற்றிவிடும். அந்த வீடுகளில் டாக்டர் சொன்ன அளவுப்படியே சமையல் நடக்கட்டும்.