கிளட்சைக் கெடுக்கும் ஆயில்: பைக் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் என் கடையில் வேலை பழகும் பையன் ஒரு 150 சிசி பைக்கின் கிளட்ச் கவரைக் கழற்றி வைத்துக்கொண்டு கூப்பிட்டான். "அண்ணே, புது பிளேட் போட்டுப் பத்து நாள்தான் ஆச்சு, மறுபடி வழுக்குதுண்ணே." நான் பிளேட்டைப் பார்க்கவில்லை. "என்ன ஆயில் ஊத்துன?" என்று கேட்டேன். வண்டிக்காரர் வீட்டிலிருந்து கொண்டுவந்ததை ஊற்றினானாம். டப்பாவில் கார் படம்.

பதினைந்து வருடத்துக்கு முன் நான் செய்த தவறு, அதே வரிசையில். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆயிலே மாற்றாமல் ஓட்டுவது, வடிக்கும் போல்ட்டைச் சரியாக முடுக்காமல் விடுவது போன்றவை எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றுக்குள் நான் போகவில்லை.

விலை கூடிய கார் ஆயில் பைக்குக்கும் நல்லது என்று நினைப்பது

தேனியில் கடை போட்டு இரண்டு வருடம் ஆன சமயம். வாத்தியார் ஒருவர் வந்தார். அவர் தம்பியின் காருக்கு ஆயில் மாற்றியதில் ஒரு லிட்டருக்கு மேல் மிச்சம் இருந்தது. 5டபிள்யூ-30 என்ற மெல்லிய வகை, புல் சிந்தெடிக். "நல்ல ஆயில் தம்பி, வீணாப் போக வேண்டாம்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. பைக் ஆயிலைவிட இரண்டு மடங்கு விலை. ஊற்றினேன்.

மூன்று வாரத்தில் திரும்ப வந்தார். ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியவில்லை. வீட்டம்மாவைப் பின்னால் உட்காரவைத்துப் போடிமெட்டு ஏறும்போதுதான் கோளாறு: எஞ்சின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. கேபிளைச் சரிசெய்து பார்த்தேன், தீரவில்லை. கிளட்சைப் பிரித்தேன். இரும்பு பிளேட்டுகளில் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. பிளேட் செட், ஸ்பிரிங், கேஸ்கெட் எல்லாம் புதிது வாங்கினேன். புது நார் பிளேட்டை (கவ்வும் பட்டை ஒட்டிய பிளேட்டை) மாட்டும் முன் ஆயிலில் ஊறப்போட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதையும் செய்தேன். எந்த ஆயிலில்? எஞ்சினிலிருந்து வடித்த அதே கார் ஆயிலில். ஓடியது அறுநூறு கிலோமீட்டர்தானே, இன்னும் தேன் நிறத்தில் இருக்கிறதே என்று சுத்தமான வாளியில் பிடித்து வைத்திருந்தேன். மூடிய பிறகு அதையே திரும்பவும் ஊற்றினேன்.

பத்து நாள் தாங்கவில்லை. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணனிடம் போய் நின்றேன். அவரும் பிளேட்டைப் பார்க்கவில்லை. "ஆயில் டப்பாவைக் கொண்டா" என்றார். இரண்டாவது செட்டை என் காசில் போட்டுக்கொடுத்தேன்.

காரணம் இதுதான். காரில் கிளட்ச் தனியாக, எஞ்சின் ஆயில் படாமல் இருக்கிறது. நம் பைக்குகளில் எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். நார் பிளேட்டும் இரும்பு பிளேட்டும் மாறிமாறி அடுக்கியிருக்கும். ஸ்பிரிங் அழுத்த, ஆயிலில் நனைந்தபடியே அவை ஒன்றையொன்று கவ்வ வேண்டும். மைலேஜுக்காகச் செய்யும் கார் ஆயிலில், உலோகத்தின் மேல் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொண்டு உராய்வைக் குறைக்கும் பொருள்களைச் சேர்க்கிறார்கள். மாலிப்டினம் கலந்தவை அதில் ஒரு வகை. எஞ்சினுக்கு அது நல்லது. கவ்வ வேண்டிய கிளட்சுக்கு அதுவே எமன். நார் பிளேட் அதை உறிஞ்சியும் வைத்துக்கொள்கிறது.

கார் ஆயில்கள் இந்தப் பக்கம் போனதால்தான் ஜப்பானில் பைக்குக்கென்றே ஜாஸோ டி903 என்ற தரத்தை 1998இல் கொண்டுவந்தார்கள். ஆயிலைக் கிளட்ச் பிளேட்டோடு இயந்திரத்தில் ஓட்டி, எவ்வளவு கவ்வுகிறது, சுழற்சி எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்று அளப்பார்கள். நன்றாகக் கவ்வினால் எம்ஏ, வழுக்கினால் எம்பி. 2006இல் எம்ஏவை எம்ஏ1, எம்ஏ2 என்று பிரித்தார்கள். அதிகம் கவ்வுவது எம்ஏ2. பாட்டிலின் பின்பக்கம் இந்த எழுத்தைத் தேடுங்கள். சிலவற்றில் சின்னக் கட்டத்துக்குள் இருக்கும், சிலவற்றில் வரியோடு வரியாக இருக்கும். வண்டிப் புத்தகத்தில் எம்ஏ என்று இருந்தால் எம்ஏ2 தாராளமாக ஊற்றலாம். டப்பாவில் உள்ள வட்ட முத்திரையின் கீழ்ப்பாதியில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' (மைலேஜுக்காகச் செய்தது) என்று இருந்தால் அந்த டப்பாவை அப்படியே வைத்துவிடுங்கள்.

"என் மச்சான் மூணு வருஷமா கார் ஆயில்தான் ஊத்துறான், ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். இருக்கலாம். 20டபிள்யூ-50 போன்ற கெட்டியான கார் ஆயில்களில் அந்தப் பொருள்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. 100 சிசி வண்டியின் இழுவையும் குறைவு. ஆனால் அந்த ஆயிலைக் கிளட்சோடு யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. சோதனை மச்சான் வண்டியில் நடக்கிறது.

எனக்கு இன்றுவரை கோபம் வருவது ஆயிலைக் கேட்காமல் பிளேட்டை மாற்றுவதைப் பார்க்கும்போதுதான். கிளட்ச் வழுக்குகிறது என்று வண்டி வந்தால் முதலில் கிளட்ச் லீவரின் ப்ளேயை, அதாவது கேபிள் இழுக்கத் தொடங்கும் முன் லீவர் சும்மா ஆடும் தூரத்தைப் பாருங்கள். நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அது சரியாக இருந்தால் அடுத்து ஆயில் டப்பாவைக் கேளுங்கள். கார் ஆயில் என்றால் வடித்துவிட்டு எம்ஏ2 ஊற்றி, இருநூறு கிலோமீட்டர் ஓட்டச் சொல்லி, அதையும் வடித்து மறுபடி புதிது ஊற்றுகிறேன். சூடு வாங்காத கிளட்சாக இருந்தால் பல வண்டிகள் இதிலேயே சரியாகிவிடுகின்றன. ஆகாவிட்டால் பிளேட்டை மாற்றுங்கள். ஊறப்போடுவது புது எம்ஏ2 ஆயிலில்.

எஸ்என் என்று போட்டிருந்தால் போதும் என்பது

போதாது. எஸ்எல், எஸ்எம், எஸ்என் என்ற ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) தர எழுத்துகள் எஞ்சினைப் பற்றியவை. கிளட்சைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

சிந்தெடிக் என்றாலே வழுக்கும் என்று பயப்படுவது

வாத்தியார் வண்டிக்கு அப்புறம் நானே சில வருடம் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன். தவறு. வழுக்கியது சிந்தெடிக்கால் அல்ல, அதில் கலந்திருந்த பொருளால். எம்ஏ2 போட்ட புல் சிந்தெடிக்கைத் தைரியமாக ஊற்றலாம்.

வெயில் ஊர் என்று கெட்டி ஆயிலுக்கு மாறுவது

ஸ்பிளெண்டருக்கு 10டபிள்யூ-30, கிளாசிக் 350க்கு 15டபிள்யூ-50 என்று கம்பெனி சொல்வது நம் ஊர் வெயிலையும் பார்த்துத்தான். மெல்லிய ஆயில் கேட்கும் வண்டியில் 20டபிள்யூ-50 ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேல் ஹெட்டுக்கு ஆயில் ஏறத் தாமதமாகும். குளிர்ந்த எஞ்சினில் கிளட்ச் பிளேட்டுகளும் சட்டென்று விலகாது. சிக்னலில் நியூட்ரல் விழ மறுக்கும்.

ஸ்கூட்டர் ஆயில்

வேண்டாம். பெரும்பாலும் எம்பி.

ஆயிலோடு கலக்கும் டானிக் டப்பாக்கள்

கார் ஆயிலில் இருக்கும் அதே வழவழப்பைக் காசு கொடுத்துச் சேர்க்கிறீர்கள்.

ஒரு லிட்டர் வாங்கினேன், ஒரு லிட்டரையும் ஊற்றுவேன் என்பது

வண்டிப் புத்தகத்தில் இரண்டு அளவு இருக்கும். பெரியது எஞ்சினை முழுக்கப் பிரித்து மாட்டும்போது ஊற்ற வேண்டியது. ஆயில் மட்டும் மாற்றும்போது சின்ன அளவு போதும். கூடுதலாக ஊற்றினால் ஆயில் ஏர் பில்டர் பெட்டிக்குள் வரும். ஊற்றியபின் மூன்று நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்துங்கள். அளவுக் குச்சியைத் துடைத்து உள்ளே விடுங்கள். பல வண்டிகளில் திருகாமல் மரையின் மேல் சும்மா வைத்துத்தான் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் குச்சி இன்னும் கீழே இறங்கி, ஆயில் குறைவாக இருந்தாலும் நிறைய இருப்பதுபோல் காட்டும். எந்த முறை என்பது உங்கள் வண்டிப் புத்தகத்தில் படத்தோடு இருக்கும்.