புற்றுநோய்க் கட்டிப் புரதத்தில் ரி கலத்துக்கு இலக்குத் தேடுவது எப்படி?

பெரியம்மாவை ஒட்டுசுட்டானிலிருந்து தெல்லிப்பழைக்குச் சிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போய்வந்த மாதங்களில், பஸ்ஸில் இருந்தபடியே நான் வாசிக்கத் தொடங்கிய விசயம் இது. இப்போது மாங்குளத்தில் என்னிடம் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிறேன். ஒரு பின்னேரம் போதும். ஒரு சதுரக் கொப்பி, பென்சில், இணையம் உள்ள போன், இவ்வளவுதான் தேவை.

முதலில், எதைத் தேடுகிறோம்? கலம் தனக்குள் இருக்கும் புரதங்களைத் துண்டு துண்டாக வெட்டி, அவற்றை எச்எல்ஏ என்ற மூலக்கூறில் ஏற்றி வெளியே காட்டிக்கொண்டே இருக்கும். நோயெதிர்ப்புக் கலமான ரி கலம் வந்து பார்த்துவிட்டுப் போகும். பட்டி மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கிவிடுகிறது. காட்டோரம் மேயும் மாடுகளில் காவல்காரர் பார்ப்பது குறியைத்தான். தங்கள் பட்டிக் குறி என்றால் விட்டுவிடுவார். ஒரு கோடு மாறியிருந்தால் நின்று பார்ப்பார். விகாரமடைந்த, அதாவது மரபணு மாற்றத்தால் மாறிப்போன, புரதத்தின் துண்டுதான் அந்த மாறிய கோடு; அதை நியோஅன்ரிஜன் என்பார்கள். ஆனால் குறி மாறினால் மட்டும் போதாது, மாடு அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டவும் வேண்டும். கட்டியில் உள்ள விகாரங்களில் பெரும்பாலானவை எச்எல்ஏயில் ஏறுவதே இல்லை. ஏறக்கூடிய துண்டு எது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

படி 1: புரதத்தை எடுங்கள். கணையம், பெருங்குடல், நுரையீரல் புற்றுநோய்களில் அடிக்கடி விகாரமடையும் கேராஸ் புரதத்தை எடுப்போம். யூனிப்ரொட் என்ற புரதத் தரவுத் தளத்தில் பி01116 என்று தேடினால் அதன் வரிசை முழுவதும் கிடைக்கும். ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ஓர் எழுத்து: ஜி கிளைசின், வி வலின், கே லைசின், டி அஸ்பார்ட்டிக் அமிலம், ரி திரெயோனின்.

படி 2: விகாரத்தைப் போடுங்கள். நாம் எடுப்பது ஜி12டி. 12ஆம் இடத்து ஜி, டி ஆகிவிட்டது என்று அர்த்தம். முதல் எழுத்தான எம்மை 1 என்று எண்ண வேண்டும். எண்ணுவதில் ஓர் இடம் தவறினால் பின்னால் வரும் எல்லாமே பிழைத்துவிடும், அதனால் விரல் வைத்து இரண்டு தரம் எண்ணுங்கள்.

படி 3: துண்டு வெட்டுங்கள். முதலாம் வகை எச்எல்ஏ பெரும்பாலும் 8 முதல் 11 எழுத்து வரை நீளமான பெப்தைட்டுகளை, அதாவது புரதத் துண்டுகளைப் பிடிக்கும், 9தான் அதிகம். விகார எழுத்தின் இரு பக்கமும் எட்டெட்டு எழுத்து எடுத்தால் மொத்தம் 17:

வை-கே-எல்-வி-வி-வி-ஜி-ஏ-டி-ஜி-வி-ஜி-கே-எஸ்-ஏ-எல்-ரி

இதைக் கொப்பியில் சதுரத்துக்கு ஓர் எழுத்தாக எழுதுங்கள். பிறகு பிஸ்கட் பெட்டி மட்டையில் ஒன்பது சதுர நீளத்துக்கு ஓர் ஓட்டை வெட்டி, எழுத்துகளின் மேல் வைத்து ஒவ்வொரு சதுரமாகத் தள்ளுங்கள். ஓட்டைக்குள் தெரிவதை எழுதிக்கொண்டே வந்தால் ஒன்பது துண்டுகள் வரும். டி முதலில் கடைசி எழுத்தாக இருக்கும், பிறகு ஒவ்வொரு இடமாக முன்னுக்கு நகரும். கணினி இதை நொடியில் செய்யும்தான். ஆனாலும் கையால் ஒருதரம் செய்த பிள்ளைக்கு அதற்குப் பிறகு குழப்பம் வருவதில்லை.

படி 4: எச்எல்ஏயைத் தெரிவு செய்யுங்கள். ஒருவருக்கு ஏ, பி, சி என்ற மூன்று மரபணுக்களிலும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என அதிகபட்சம் ஆறு வகை இருக்கும். ஒருவருக்கு இலக்காகும் துண்டு பக்கத்துக் கட்டில் நோயாளிக்கு உதவாமல் போவது இதனால்தான். பயிற்சிக்கு, ஏ மரபணுவின் வகைகளில் ஆசியாவில் பரவலாக உள்ள ஏ*11:01ஐ எடுப்போம்.

படி 5: ஓட்டிப் பாருங்கள். எந்தத் துண்டு எந்த எச்எல்ஏயில் ஏறும் என்று ஊகித்துச் சொல்லும் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்எம்எச்சிபான் தளம் இலவசம். 17 எழுத்தையும் ஒட்டி, நீளம் 9, 10 இரண்டையும் தெரிவு செய்து அனுப்புங்கள். அதற்கு முன் கொப்பியைப் பார்த்து நீங்களே ஊகித்துவிடுங்கள்: ஏ*11:01க்குக் கடைசி எழுத்து கே என்றால் பிடிக்கும். வி-வி-ஜி-ஏ-டி-ஜி-வி-ஜி-கே, அதன் முன்னால் இன்னொரு வி சேர்ந்த பத்தெழுத்துத் துண்டு, இரண்டும் கேயில் முடிகின்றன. விடையிலும் அவைதான் மேலே வரும். சதவீதத் தரவரிசை என்ற நிரலைப் பாருங்கள். அதில் சின்ன எண்தான் நல்லது, 0.5க்குக் கீழ் என்றால் வலுவான பிணைப்பு, 2க்குக் கீழ் என்றால் பலவீனமான பிணைப்பு.

படி 6: பழைய துண்டோடு ஒப்பிடுங்கள். அவசரத்தில் பலர் விடும் படி இது, எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான். டியை மறுபடி ஜி ஆக்கி அதே துண்டை ஓட்டுங்கள். ஏ*11:01இல் விகாரமில்லாத துண்டும் ஏறும், ஏனென்றால் பிடிமானம் கடைசிக் கேயில் இருக்கிறது. டி நடுவில் நின்று ரி கலத்தைப் பார்க்கிறது. அப்படியென்றால் அந்த ஒரே எழுத்தை வைத்து ரி கலம் வித்தியாசம் கண்டாக வேண்டும். இப்போது எச்எல்ஏயைச் சி*08:02 என்று மாற்றி, ஜி-ஏ-டி-ஜி-வி-ஜி-கே-எஸ்-ஏ என்ற துண்டைப் பாருங்கள். இங்கே டி மூன்றாம் இடத்தில் நின்று அதுவே கொளுக்கியாகிறது. டி இல்லாவிட்டால் துண்டு சரியாக ஏறாது. ஆரோக்கியமான கலம் காட்டவே காட்டாத துண்டு!

இந்தச் சோடி கொப்பியோடு நின்றுவிடவில்லை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவகத்தில் ஸ்டீவன் ரோசன்பெர்க்கின் குழு, பெருங்குடல் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிய ஒரு பெண்ணுக்கு, சி*08:02இல் ஏறிய ஜி12டியை அடையாளம் காணும் அவருடைய சொந்த ரி கலங்களையே பெருக்கிச் செலுத்தியது. 2016இல் அதை வெளியிட்டார்கள். ஏழு கட்டிகளும் சுருங்கின. ஒன்பது மாதத்தில் ஒன்று மட்டும் திரும்ப வளர்ந்தது. வெட்டியெடுத்துப் பார்த்தபோது, சி*08:02 இருந்த 6ஆம் நிறமூர்த்தப் பகுதியையே அந்தக் கட்டி இழந்திருந்தது. விகாரம் அப்படியே இருந்தது, காட்டும் தட்டு போய்விட்டது. இதை வாசித்த அன்று பஸ் பரந்தன் தாண்டியதுகூட எனக்குத் தெரியவில்லை.

படி 7: மிச்ச வடிகட்டல். அந்த மரபணு கட்டியில் உண்மையிலேயே வெளிப்படுகிறதா என்று ஆர்என்ஏ தரவில் பார்ப்பார்கள். விகாரம் எல்லாக் கட்டிக் கலங்களிலும் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அப்புறம் ஆய்வுகூடத்தில் ரி கலங்களோடு அந்தப் பெப்தைட்டைச் சேர்த்து, அவை தூண்டப்படுகின்றனவா என்று சோதிப்பார்கள். தளம் தரும் எண் ஊகம் மட்டும்தான். நல்ல தரவரிசை பெற்ற துண்டுகளிலும் பல இந்தச் சோதனையில் விழுந்துவிடும். ஆகவே வீட்டில் யாருக்கும் நோய் என்றால் இந்த எண்ணை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள், வைத்தியரோடு பேசுங்கள்.

இனி நீங்களே ஒன்று செய்யுங்கள். 12ஆம் இடத்தில் டிக்குப் பதில் வி போட்டு, அதாவது ஜி12வி, ஏ*11:01இல் ஓட்டுங்கள். பிறகு ஏ*02:01க்கு மாற்றி, மேலே வரும் துண்டுகள் இப்போது எந்த எழுத்தில் முடிகின்றன என்று கொப்பியில் குறித்து வையுங்கள்.