முதல் மலை நடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து பழகிய கால்களுக்கு மலை எம்மாத்திரம் என்ற நினைப்பு செட்டிநாட்டில் பலருக்கு உண்டு. பாதயாத்திரையில் வரும் தம் உண்மையானதுதான். ஆனால் அது சமதளத்துத் தம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஏற்ற இறக்கமே குறைவு என்பதால், மலையில் உழைக்க வேண்டிய தசைகளுக்கு இங்கே வேலையே கிடைப்பதில்லை.

அது தெரியவருவது இறங்கும்போதுதான். முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்க வேண்டும். பழகாத தொடை சீக்கிரமே நடுங்கத் தொடங்கி, பாரம் முட்டிக்கு இறங்கிவிடும். வலி மறுநாளைவிட அதற்கடுத்த நாள் கூடுதலாக இருக்கும்.

இதற்கு ஜிம் தேவையில்லை, குன்றக்குடி மலைப்படி போதும். வாரம் மூன்று நாள் என ஒரு மாதம் ஏறி இறங்குங்கள். ஏறுவது எப்படியோ போகட்டும், இறங்குவது நிதானமாக இருக்கட்டும். முட்டியை லேசாக மடக்கி, சத்தமில்லாமல் பாதம் வையுங்கள். 'தொப் தொப்' என்று கேட்டால் அடி முட்டிக்குப் போகிறது.

கோயில் படியில் பழகாத ஒன்று ஷூ. மலைக்கு முதல்நாள் வாங்கிய ஷூவோடு கிளம்புவது வேண்டாத வேலை. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், போடப்போகும் சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். லேஸ் கட்டாமல் விரல்களை முன்னால் முட்டக் கொடுத்தால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். அந்த இடம் இல்லையென்றால் இறக்கத்தில் கட்டைவிரல் நகம் இடித்து இடித்துக் கறுத்துவிடும். இறங்கத் தொடங்கும்முன் கணுக்கால் பக்கத்து லேஸை இறுக்கிக் கட்டுங்கள். நகம் வெட்டுவதை இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு 600 மீட்டர் உயரத்துக்கு இன்னொரு மணி என்பது பழைய கணக்கு. அது பழகியவர்களுக்கு. புதியவர்கள் பாதி நேரம் சேர்த்துக்கொள்ள வேண்டும். பேசிக்கொண்டே ஏற முடியாத வேகம் அதிக வேகம். திரும்பும் நேரத்தைக் கீழேயே முடிவுசெய்து, உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் அந்த நேரத்தில் திரும்பிவிட வேண்டும். டார்ச் எப்படியும் பையில் இருக்கட்டும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், நம் வெயிலில் அதற்கும் மேல். வெறும் தண்ணீரையே குடித்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அரை லிட்டரில் கரைப்பதும் தவறு. கரைசல் கெட்டியானால் வயிற்றைக் கலக்கும். தின்ன, அதிரசத்தைவிடத் தேன்குழலும் கடலை உருண்டையும் மேல்.

எங்கே தொடங்கலாம்? பாரியின் பறம்புமலை என்று சொல்லப்படும் பிரான்மலை நமக்குப் பக்கம். அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில் தர்கா. பாறை அதிகம் என்பதால் மழைக்கு மறுநாள் போகாதீர்கள். செங்குத்தான இடத்தில் பாறையைப் பார்த்தபடி, கையை ஊன்றிப் பின்பக்கமாக இறங்குங்கள். மலைகளில் பாறை இடுக்கில் தேன்கூடு தெரிந்தால் புகையும் கூடாது, கூச்சலும் கூடாது.

காட்டுக்குள் போகும் மலையென்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் காலை வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் பலர் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024-இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் அனுமதியுள்ள பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். முதல் தடவை எளிதானதையே பதிவு செய்யுங்கள், பாதயாத்திரைக் கணக்கை அங்கே காட்ட வேண்டாம்.